எந்த வேலைக்கு எந்தச் சிப்? சிபியு முதல் அசிக் வரை ஒரு வழிகாட்டி

தலைப்பில் ‘எஃப்பிஜிஏ’ என்று இருந்தால் கைடு தலையாட்டிவிடுவார், மாநாட்டிலும் கட்டுரை ஏறிவிடும் என்ற நம்பிக்கையில் முதலில் போர்டை வாங்கிவிட்டு, அப்புறம் அதற்கு வேலை தேடுகிற ஆய்வு மாணவர்கள் உண்டு. இது தலைகீழ். கணக்கு முதலில், அதற்கேற்ற சிப் பிறகு.

இருக்கும் வழிகள் நான்கு. எல்லா வேலையும் செய்யும் சிபியு. ஒரே மாதிரிக் கணக்கை ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் போடும் ஜிபியு. வாங்கிய பிறகும் உள்ளே இருக்கும் சுற்றையே மாற்றி அமைக்க முடிகிற எஃப்பிஜிஏ. ஒரே வேலைக்கென்று தயாரிக்கப்படும் அசிக். ‘எது வேகம்?’ என்று கேட்டால் நான்கு பேர் நான்கு விடை சொல்வார்கள். அதற்குப் பதில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: விடை எவ்வளவு நேரத்துக்குள் வந்தாக வேண்டும்? கணக்குமுறை அடிக்கடி மாறுமா? மொத்தம் எத்தனை சிப் தேவைப்படும்?

சிபியு: முதலில் அளந்து பாருங்கள்

நிரல் மெதுவாக ஓடுகிறது என்றதும் வன்பொருள் பக்கம் ஓட வேண்டாம். எந்தப் பகுதி எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று புரொஃபைலரில் அளந்துவிடுங்கள். மொத்த நேரத்தில் 60 சதவீதத்தை எடுக்கும் ஒரு லூப்பை வன்பொருளுக்கு மாற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது நேரமே எடுக்காமல் முடிந்தாலும் மீதி 40 சதவீதம் அப்படியே இருக்கும். ஆக மொத்தத்தில் இரண்டரை மடங்குக்கு மேல் வேகம் கூடாது. 1967-இல் ஜீன் அம்டால் முன்வைத்த இந்த வாதத்துக்கு எந்தச் சிப்பும் விலக்கல்ல. தரவைப் போர்டுக்கு அனுப்பித் திரும்ப வாங்கும் நேரத்தையும் சேர்த்தால் லாபம் இன்னும் சுருங்கும். கம்பைலர் ஆப்ஷன்களைச் சரிசெய்து, எல்லா கோர்களையும் வேலை வாங்கினாலே காரியம் முடிகிறது என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

ஜிபியு: தரவு மொத்தமாக வந்தால்

மேட்ரிக்ஸ் பெருக்கல், படச் செயலாக்கம், நியூரல் நெட்வொர்க் பயிற்சி ஆகியவற்றுக்கு வேறு யோசனையே வேண்டாம். தயாரான லைப்ரரிகள் குவிந்து கிடக்கின்றன. காலையில் கணக்குமுறையை மாற்றினால் சில நிமிடங்களில் ஓட்டிப் பார்த்துவிடலாம். தரவு தொகுப்பு தொகுப்பாகச் சேர்ந்தால்தான் ஜிபியு தன் முழுத் திறனைக் காட்டும் என்பதே இதில் உள்ள குறை. ஒவ்வொன்றாக வந்து விழும் தரவுக்கு உடனுக்குடன் விடை வேண்டுமென்றால் அது தடுமாறும். பெரிய கார்டுகள் சில நூறு வாட் மின்சாரம் இழுக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

எஃப்பிஜிஏ: நேரம் தவறக் கூடாது என்றால்

வேலைக்கேற்ப உருமாறும் கணினி என்ற யோசனையைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் ஜெரால்ட் எஸ்ட்ரின் 1960-லேயே முன்வைத்தார். அது கடைக்கு வர 25 ஆண்டுகள் ஆயின. 1985-இல் சைலின்க்ஸ் வெளியிட்ட எக்ஸ்சி2064 சிப்பில் இருந்தவை வெறும் 64 லாஜிக் பிளாக்குகள். உள்ளே சின்னச் சின்ன உண்மை அட்டவணைகள், அவற்றை இணைக்கும் கம்பிகள், இணைப்பை முடிவு செய்யும் நினைவகம். பிட்ஸ்ட்ரீம் என்ற கோப்பை ஏற்றினால் அந்த நினைவகம் நிரம்பி, சிப் நீங்கள் வரைந்த சுற்றாகவே மாறிவிடும். இன்றும் அடிப்படை அதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 64 டேப் கொண்ட எஃப்ஐஆர் ஃபில்டரில் ஒவ்வொரு சாம்பிளுக்கும் 64 பெருக்கல். மாணவர் போர்டுகளில் பரவலாக இருக்கும் ஆர்ட்டிக்ஸ்-7 35டி சிப்பில் பெருக்கலுக்கென்றே அமைந்த டிஎஸ்பி பிளாக்குகள் 90 உண்டு. அவற்றில் 64-ஐ வரிசையாகக் கோத்து 100 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினால் கிளாக்குக்கு ஒரு விடை. விநாடிக்கு 640 கோடிப் பெருக்கல். இந்த எண்ணைப் பார்த்து மயங்கிவிட வேண்டாம். இன்றைய பெரிய ஜிபியு இதைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல் போடும். உள்ளே போன சாம்பிளின் விடை எத்தனையாவது கிளாக்கில் வெளியே வரும் என்பது முன்கூட்டியே தெரிவதுதான் இங்கே கிடைக்கும் லாபம். ஆப்பரேட்டிங் சிஸ்டம் குறுக்கே வராது. கேஷில் தரவு இல்லை என்று காத்திருக்கவும் வேண்டாம்.

இந்த வேறுபாட்டை ஜெனீவா அருகே செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தின் சிஎம்எஸ் சோதனையில் கண்ணால் காணலாம். அங்கே 25 நானோ விநாடிக்கு ஒருமுறை புரோட்டான் கற்றைகள் குறுக்கிடுகின்றன. அதாவது விநாடிக்கு 4 கோடி முறை. எல்லா மோதல்களின் தரவையும் சேமிக்க வழியில்லை. எதை வைத்துக்கொள்வது என்பதைச் சுமார் 4 மைக்ரோ விநாடிக்குள் முடிவுசெய்து, விநாடிக்கு ஏறத்தாழ 1 லட்சமாகக் குறைக்கும் முதல் கட்ட வடிகட்டலை எஃப்பிஜிஏக்கள் செய்கின்றன. தப்பி வந்தவற்றை அலசும் அடுத்த கட்டத்தில் சிபியுக்களோடு 2022 முதல் ஜிபியுக்களும் இருக்கின்றன. சோதனை ஒன்றுதான், நேர நெருக்கடி மாறியதும் சிப்பும் மாறிவிட்டது.

தேடல் சேவையிலும் எஃப்பிஜிஏ பலித்தது. 1,632 சர்வர்களில் எஃப்பிஜிஏ பொருத்தி பிங் தேடலைச் சோதித்த மைக்ரோசாஃப்ட், தாமதத்தைக் கூட்டாமலேயே தரவரிசைப் பணியின் அளவு சர்வருக்கு 95 சதவீதம் உயர்ந்ததாக 2014-இல் அறிவித்தது.

விலையும் உண்டு. பெரிய வடிவமைப்பு ஒன்றை பிட்ஸ்ட்ரீமாக மாற்ற மணிக்கணக்கில் ஆகும். டைமிங் கூடிவராமல் இழுத்தடிப்பது தனித் தலைவலி. சுற்றை எழுதும் மொழியான வெரிலாக் தெரிந்தவர் உடன் இல்லாவிட்டால் ஆறு மாதத் திட்டத்தில் இறங்காதீர்கள்.

அசிக்: எண்ணிக்கை லட்சத்தில் என்றால்

டொரன்டோ பல்கலைக்கழகத்தின் இயன் குவான், ஜொனதன் ரோஸ் இருவரும் 90 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் ஒப்பிட்டு 2007-இல் எழுதியது இது: ஒரே சுற்றை வெறும் லாஜிக் பிளாக்குகளால் எஃப்பிஜிஏயில் அமைத்தால் அசிக்கைவிடப் பரப்பு சராசரியாக 35 மடங்கு, தாமதம் 3 முதல் 4 மடங்கு, இயங்கும்போது மின்செலவு சுமார் 14 மடங்கு. டிஎஸ்பி போன்ற ஆயத்த பிளாக்குகளைப் பயன்படுத்தினால் பரப்பிலும் மின்செலவிலும் இடைவெளி குறையும்.

அப்படியிருந்தும் எல்லோரும் அசிக் செய்யாததற்குக் காரணம் எளிது. அது கல்வெட்டு, எழுத்துப் பிழை வந்தால் புதுக் கல்தான். சிப்பை அச்சிட உதவும் மாஸ்க்குகளின் செலவு முழுவதையும் முதலிலேயே கொட்ட வேண்டும். பிட்காயின் சுரங்கத்தில் கணக்குமுறை மாறாது, தேவையோ மிக அதிகம். அதனால் சிபியு, ஜிபியு, எஃப்பிஜிஏ என்று படிப்படியாக வந்தவர்கள் 2013 வாக்கில் அசிக்கில் நிலைகொண்டார்கள்.

அசிக்தான் இலக்கு என்றாலும் முதலில் எஃப்பிஜிஏயில் ஓட்டிப் பார்ப்பதுதான் வழி. சென்னை ஐஐடியின் சக்தி திட்டம் நல்ல முன்மாதிரி. ரிஸ்க்-5 அடிப்படையிலான அதன் செயலிகளில் ஒன்று 2018-இல் சண்டிகர் அருகே உள்ள எஸ்சிஎல் சிப் ஆலையில் 180 நானோமீட்டரில் சிப்பாக வந்தது. ஆர்ட்டி ஏ7 போர்டில் ஏற்றிப் பார்க்கும்படியும் சக்தி வடிவங்களை அவர்கள் கொடுத்திருக்கிறார்கள். செயலி ஆய்வில் இறங்குபவர்கள் அங்கிருந்தே தொடங்கலாம்.

போர்டு வாங்கும் முன்

கற்றுக்கொள்ள மட்டும் என்றால் லாட்டிஸின் ஐஸ்40 வகை போதும். யோசிஸ் போன்ற திறந்தமூலக் கருவிகளாலேயே முழு வேலையும் முடியும். சிக்னல் பிராசசிங், சிறிய செயலி என்றால் ஆர்ட்டிக்ஸ்-7. மென்பொருளும் வன்பொருளும் சேர்ந்த ஆய்வுக்கு, இரண்டு ஆர்ம் கோர்களும் எஃப்பிஜிஏயும் ஒரே சிப்பில் இருக்கும் ஜிங்க் வகை. பிங்க்-இசட்2 போர்டில் பைதானிலிருந்தே சுற்றை இயக்கலாம். பெரிய சிப் எப்போதாவதுதான் தேவை என்றால் கிளவுடில் வாடகைக்கு எடுங்கள்.

முடிவாக

தரவு மொத்தமாக வந்து, விடைக்கு நேரக் கெடுவும் இல்லையா, ஜிபியு. மைக்ரோ விநாடிக் கெடு இருந்து கணக்குமுறையும் மாறக்கூடுமா, எஃப்பிஜிஏ. கணக்குமுறை உறுதியாகி லட்சக்கணக்கில் விற்குமா, அசிக். இவை எதுவும் பொருந்தாவிட்டால் சிபியுவே போதும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ‘நூறு மடங்கு வேகம்’ என்று கட்டுரையில் எழுதும் முன், ஒப்பிட்ட சிபியு நிரல் எல்லா கோர்களையும் பயன்படுத்தியதா, தரவு போய்வரும் நேரம் கணக்கில் சேர்ந்ததா என்று பாருங்கள். மதிப்பீட்டாளர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.