காட்டுத் தீயும் கண்மாய் வண்டலும்

காட்டுத் தீ வன இலாகாவின் கவலை என்று மலையடிவாரக் கிராமத்தார் சிலர் நம்மிடம் கூறுவதுண்டு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய தீயில், மலையேறச் சென்றோர் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாடறியும். உயிர்ச்சேதமற்ற தீக்களை எவரும் பேசுவதில்லை. அவற்றின் நட்டம் கிராமத்திலேயே தங்கிவிடுகிறது.

காய்ந்த புல்லைக் கொளுத்தினால் மழைக்குப்பின் இளம்புல் துளிர்க்கும் என்பர் மாடு மேய்ப்போர். துளிர்ப்பது உண்மையே, நாம் மறுக்கவில்லை. ஆயினும், சருகுப் போர்வை எரிந்துபோன சரிவில் மழைத்துளி நேரே மண்ணைத் தாக்குகிறது. நீர் உள்ளிறங்காமல் வழிந்தோட, மேல்மண் ஓடை வழியே வந்து கண்மாயில் படிகிறது. வண்டல் மேடிட்ட அளவுக்குக் கண்மாயின் கொள்ளளவு குறைகிறது. கடைமடை வயலுக்கு நீர் எட்டுவதில்லை. மாட்டுக்காரர் இட்ட தீக்கு, மலைப்பக்கமே செல்லாத கடைமடைக் குடியானவர் விலை கொடுக்கிறார்! தேனும் கடுக்காயும் சேகரித்துப் பிழைப்போரின் வருவாயும் அவ்வாண்டு குன்றுகிறது.

மாசி பிறக்குமுன் காட்டோரத்தில் புல்லையும் சருகையும் செதுக்கி நீக்கித் தீத்தடுப்புப் பாதை அமைக்க வேண்டும். அதற்கு வீட்டுக்கு ஓர் ஆள் அனுப்புவது, பின்னர்க் கண்மாயைத் தூர்வாருவதைவிட மலிவான குடிமராமத்து என்பது நமது கருத்து. புல் தேவைப்படுவோர் வனத்துறையின் இசைவு பெற்று, அப்போதே அறுத்துக் கொள்ளலாம்.