ஐந்து துறைகள், ஒரே பாடம்

(பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி ஒருத்தி, தன் வகுப்புத் தோழியர் சார்பில் எழுதியது)



'ஆராய்ச்சி' என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது என்ன? வெள்ளை அங்கி அணிந்த ஒருவர், அவர் கையில் ஒரு சோதனைக் குழாய். நாங்களும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். அதனால் பதினோராம் வகுப்பில் எந்தப் பிரிவை எடுப்பது என்ற பேச்சு வரும்போதெல்லாம் எங்கள் வகுப்பில் ஒரு வாக்குவாதம் எழும். "அறிவியல் எடுத்தால்தான் ஆராய்ச்சி செய்யலாம். வரலாறும் தமிழும் மனப்பாடம் செய்வதற்கே" என்பார்கள் சிலர். "மனிதரைப் பற்றி அறியாத அறிவியலால் என்ன பயன்?" என்று மற்றவர்கள் மடக்குவார்கள். இந்த வாக்குவாதத்தைத் தீர்த்து வைத்தது ஒரு குவிலென்சு என்றால் நம்புவீர்களா?

அழிக்கப்பட்ட எண்

லென்சின் குவிய தூரத்தைக் காணும் செய்முறைப் பயிற்சி அன்று நடந்தது. சாளரத்தின் வழியே தொலைவில் தெரியும் மாதா கோவில் கோபுரத்தின் பிம்பத்தைத் திரையில் வீழ்த்தி, லென்சுக்கும் திரைக்கும் இடையே உள்ள தூரத்தை அளக்க வேண்டும். எங்கள் குழுவுக்குக் கிடைத்த அளவுகள் 20.1, 19.9, 20.0, 22.2 சென்டிமீட்டர். கடைசி எண் மட்டும் ஒட்டாமல் நின்றது. மணி அடிக்கும் நேரம். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு 22.2-ஐ ரப்பரால் அழித்துவிட்டு 20.2 என்று எழுதினோம்.

எங்கள் அறிவியல் ஆசிரியை அருட்சகோதரி அவர்கள் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தார். ரப்பர் தேய்த்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்து, "இங்கே இருந்த எண் எங்கே போயிற்று?" என்றார். நாங்கள் தலை குனிந்தோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வகுப்பை ஐந்து குழுக்களாகப் பிரித்து, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐந்து துறைகளைக் கொடுத்தார். "அவர்கள் என்ன கண்டுபிடித்தார்கள் என்பது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று படித்து வாருங்கள்" என்றார். நாங்கள் படித்து வந்ததை இங்கே தருகிறோம்.

1. தாவரவியல்: எண்ணிப் பார்த்த துறவி

கிரெகர் மெண்டல் அகுஸ்தீன் சபைத் துறவி. இன்று செக் குடியரசில் உள்ள பர்னோ நகரின் மடத்துத் தோட்டத்தில், 1856 முதல் 1863 வரை, ஏறத்தாழ 28,000 பட்டாணிச் செடிகளை அவர் ஆராய்ந்தார். அவருக்கு முன்பும் பலர் செடிகளைக் கலந்து வளர்த்திருந்தார்கள். அவர் ஏன் வென்றார்? வியன்னாப் பல்கலைக்கழகத்தில் இயற்பியலும் கணிதமும் பயின்றிருந்த அவர், செடிகளைப் பார்த்ததோடு நில்லாமல் விதைகளை எண்ணினார். இரண்டாம் தலைமுறையில் உருண்டை விதைகள் 5474, சுருங்கிய விதைகள் 1850. விகிதம் 2.96-க்கு 1. நம் பாடநூலில் 3:1 என்று படிக்கிறோம். மெண்டல் தம் கட்டுரையில் 2.96 என்றே எழுதினார்.

1865-இல் அவர் படித்த கட்டுரை 1866-இல் அச்சாயிற்று. அதன் மதிப்பை உலகம் உணர்ந்தது 1900-இல். அதற்குள் அவர் இறந்து 16 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1936-இல் ரொனால்டு ஃபிஷர் என்ற புள்ளியியல் அறிஞர், மெண்டலின் எண்கள் எதிர்பார்த்ததற்கு மிக நெருக்கமாக இருக்கின்றனவே என்று ஐயம் எழுப்பினார். அறிஞர்கள் பல ஆண்டுகள் இதை விவாதித்தனர். அளவுக்கு மீறி ஒழுங்காக அமைந்த எண்களும் கேள்விக்கு உரியவை என்பதைப் படித்தபோது, எங்கள் 20.2 நினைவுக்கு வந்தது.

2. மருத்துவம்: தெருவில் நடந்த ஆராய்ச்சி

1854 ஆகஸ்டு இறுதியில் லண்டன் மாநகரின் சோஹோ பகுதியில் காலரா பரவி, 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கெட்ட காற்றே காரணம் என்று அக்கால மருத்துவர் பலரும் நம்பினர். டாக்டர் ஜான் ஸ்நோ மட்டும் குடிநீரின்மீது ஐயம் கொண்டார். அவர் வீடு வீடாகச் சென்று, இறந்தவர்கள் எந்த நீரைக் குடித்தார்கள் என்று விசாரித்தார். இறப்புகளைத் தெரு வரைபடத்தில் குறித்தார். அவை பிராடு தெருவின் கைப்பம்பைச் சுற்றியே நெருங்கி நின்றன.

எங்களுக்கு வியப்பளித்தது, பொருந்தாத செய்திகளை அவர் தேடிச் சென்றதுதான். பம்புக்கு அருகிலேயே இருந்த ஏழையர் விடுதியில் 500-க்கும் மேற்பட்டோர் இருந்தும் இறந்தவர் ஐவரே. ஏன்? அங்கே தனிக் கிணறு இருந்தது. பக்கத்து பீர் தொழிற்சாலைப் பணியாளர்கள் தப்பினார்கள். அவர்கள் பம்பு நீரைக் குடிப்பதில்லை. வெகு தொலைவில் ஹாம்ஸ்டெட்டில் வாழ்ந்த ஒரு விதவைப் பெண்மணி மட்டும் ஏன் இறந்தார்? பிராடு தெரு நீரின் சுவை பிடித்துப்போய், அதை வரவழைத்துக் குடித்தவர் அவர்! முதலில் எதிர்ப்பாகத் தோன்றியவையே பின்பு வலுவான சாட்சிகள் ஆயின. செப்டம்பர் 8 அன்று பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. அதற்குள் நோய் தணியத் தொடங்கியிருந்தது என்பதை ஸ்நோவே ஒப்புக்கொண்டார்.

இக்கதையில் இன்னொருவர் இருக்கிறார். அப்பகுதியின் ஆங்கிலத் திருச்சபைக் குரு ஹென்றி வைட்ஹெட், ஸ்நோ சொல்வது தவறு என்று காட்டவே தாமும் வீடு வீடாக விசாரிக்கத் தொடங்கினார். விசாரிக்க விசாரிக்க அவர் மனம் மாறியது. முடிவில் நோய் தொடங்கிய வீட்டைக் கண்டுபிடித்தவரே அவர்தான். பிராடு தெரு 40-ஆம் எண் வீட்டில் ஒரு பச்சிளங்குழந்தை நோயுற்றிருந்தது. அதன் துணிகளை அலசிய நீர், கிணற்றை ஒட்டிய கழிவுக்குழியில் ஊற்றப்பட்டிருந்தது. தம் எண்ணம் தவறு என்று கண்டதும் அதை மறைக்காமல் சொன்ன இவரும் சிறந்த ஆராய்ச்சியாளர் அன்றோ?

3. மொழியியல்: பேசிய கல்

1799-இல் எகிப்தின் ரொசெட்டா என்னுமிடத்தில் பிரெஞ்சுப் படைவீரர்கள் ஒரு கல்லைக் கண்டெடுத்தனர். கி.மு. 196-இல் பொறித்த ஒரே ஆணை அதில் மூன்று எழுத்து வடிவங்களில் இருந்தது. கிரேக்கத்தை அறிஞர்கள் படித்தனர். சித்திர எழுத்தையோ எவராலும் படிக்க முடியவில்லை.

முதல் சில படிகளை ஏறியவர் தாமஸ் யங். இவர் ஒரு மருத்துவர். ஒளி அலையாகச் செல்கிறது என்பதற்குச் சான்று காட்டியவரும் இவரே. ஒருவரே கண்ணையும் ஒளியையும் பழைய எழுத்தையும் ஆராய்ந்திருக்கிறார்! பூட்டை முழுவதும் திறந்தவர் பிரான்சு நாட்டின் ஷாம்போலியோன். சித்திர எழுத்துகள் ஒலிகளைக் குறிப்பவை அல்ல என்றே அவரும் 1821 வரை கருதினார். பிறகு கல்லில் உள்ளவற்றை எண்ணிப் பார்த்தார். கிரேக்கச் சொற்கள் 486, சித்திர எழுத்துகள் 1419. ஓர் எழுத்துக்கு ஒரு சொல் என்றால் கணக்கு இடிக்கிறதே! அவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டு, 1822 செப்டம்பரில் படிக்கும் முறையை வெளியிட்டார். அவருக்குத் துணை நின்றது காப்டிக் மொழி. அன்றாடப் பேச்சிலிருந்து மறைந்துபோன அந்தப் பழைய எகிப்திய மொழி, அந்நாட்டுக் கிறிஸ்தவர்களின் வழிபாட்டில் உயிரோடு இருந்தது.

4. தமிழ்: ஏடு தேடிய ஆசிரியர்

கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர் 1880-இல் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தார். சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று முதலியார் கேட்டதற்கு, இல்லை என்றே சொல்ல வேண்டியிருந்தது. அந்த 'இல்லை'யே ஆராய்ச்சியின் தொடக்கம். நூலில் சமண சமயக் கருத்துகள் நிறைந்திருந்தன. சைவராகிய அவர், கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களிடம் சென்று, மாணவரைப்போல் கேட்டறிந்தார்.

ஓலைச்சுவடிகளைப் பார்த்து எழுதியவர்கள் பலர். ஓர் ஏட்டில் உள்ள சொல் மற்றோர் ஏட்டில் வேறாக இருக்கும். பல பிரதிகளைத் தேடி ஒப்பிட்டே அவர் ஒரு பாடத்தைத் தேர்ந்தார். பிற பாடங்களை ஒழித்துவிடாமல், படிப்பவர் அறியும்படி குறிப்பாகத் தந்தார். ஏழு ஆண்டு உழைப்புக்குப்பின் 1887-இல் சிந்தாமணி அச்சில் வந்தது. தமிழ் படிப்பது மனப்பாடம் செய்வதற்கே என்று சொன்ன எங்கள் தோழியர் இதைக் கேட்டு வாயடைத்துப் போனார்கள்.

5. வானியல்: கால் அங்குலக் கீறல்

ஜோசலின் பெல் 1943-இல் வட அயர்லாந்தில் பிறந்தவர். அவர் படித்த பள்ளியில் மாணவர்களை ஆய்வுக்கூடத்துக்கும் மாணவியரைச் சமையல் வகுப்புக்கும் அனுப்பினார்களாம். பெற்றோர் வாதாடிய பின்னரே அவருக்கு அறிவியல் வகுப்பில் இடம் கிடைத்தது.

பின்னாளில் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாக, நான்கரை ஏக்கர் பரப்பில் ஒரு வானொலித் தொலைநோக்கியை அமைக்க அவரும் உழைத்தார். 1967 ஜூலையில் அது இயங்கத் தொடங்கியது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 மீட்டர் நீளத் தாளில் கோடுகள் பதிவாகும். அவ்வளவையும் அவர் கண்ணால் பார்த்தார். ஆகஸ்டில், எதிலும் சேராத ஒரு சிறு கீறல் தென்பட்டது. அதன் அகலம் கால் அங்குலமே. தரையிலிருந்து வந்த இடையூறு என்று தள்ளிவிட்டிருக்கலாம். ஆனால் அதே கீறலை முன்பும் பார்த்த நினைவு அவருக்கு வந்தது. பழைய தாள்களைப் புரட்டினார். வானின் அதே இடத்திலிருந்தே அது வந்துகொண்டிருந்தது! நவம்பர் 28 அன்று வேகமாக ஓடும் தாளில் பதிவு செய்தபோது, 1.33 நொடிக்கு ஒன்றாகத் துடிப்புகள் வரிசையாக விழுந்தன. சுழலும் நியூட்ரான் விண்மீனாகிய 'பல்சார்' முதன்முதலாக அறியப்பட்ட கதை இதுதான்.

1974-இல் இதற்கான நோபல் பரிசு அவருடைய வழிகாட்டியான ஆண்டனி ஹியூவிஷுக்குச் சென்றது, அவருக்குக் கிடைக்கவில்லை. 2018-இல் தமக்குக் கிடைத்த 30 லட்சம் டாலர் பரிசை, இயற்பியல் ஆராய்ச்சியில் இடம் கிடைக்காமல் தவிப்போரின் படிப்புக்கே அவர் வழங்கிவிட்டார்.

மீண்டும் எங்கள் லென்சு

ஐந்து குழுக்களும் பேசி முடித்தபின் வகுப்பு சிறிது நேரம் அமைதியாக இருந்தது. செடி, நோய், கல், ஏடு, விண்மீன் ஆகியவற்றுக்கு இடையே என்ன உறவு? பொருளால் ஓர் உறவும் இல்லை. ஆனால் கேள்வி கேட்பது, பொறுமையாகச் சேர்ப்பது, கண்டதைக் கண்டபடி எழுதுவது, ஒட்டாததைத் துரத்திச் செல்வது, தவறென்று தெரிந்தால் திருத்திக்கொள்வது ஆகிய ஐந்தும் எல்லா இடத்திலும் இருந்தன.

மறுநாள் நாங்களே அனுமதி கேட்டு மீண்டும் லென்சை எடுத்தோம். கடைசி அளவை எடுத்த தோழி அன்று செய்ததுபோலவே செய்து காட்டினாள். திரையைக் குனிந்து பார்த்தோம். அதில் தெளிவாக விழுந்திருந்தது கோபுரம் அல்ல, சாளரத்தின் கம்பிகள்! சாளரம் லென்சிலிருந்து 2 மீட்டர் தூரத்தில் இருந்தது. லென்சு சமன்பாட்டில் அதை இட்டுக் கணக்குப் போட்டோம். விடை 22.2 சென்டிமீட்டர். அந்த எண் சரியானதே. எங்கள் கேள்விதான் மாறியிருந்தது. பொருள் அருகில் இருந்தால் பிம்பம் குவியத்துக்கு அப்பால் விழும் என்ற பாடத்தை, நாங்கள் ரப்பரால் தேய்த்து அழித்திருந்தோம்.

இப்போது எங்கள் குறிப்பேட்டில் 22.2 மீண்டும் இருக்கிறது. பக்கத்தில் அதன் காரணமும் இருக்கிறது. அருட்சகோதரி அவர்கள் அதன் கீழே சிவப்பு மையில் 'நன்று' என்று எழுதிக் கொடுத்தார்.

தோழியரே, இன்னும் சில மாதங்களில் நாம் ஒவ்வொருவரும் வெவ்வேறு பிரிவுக்குச் செல்வோம். பெற்றோரே, எங்களில் சிலர் வரலாறு வேண்டும் என்போம், சிலர் வணிகவியல் என்போம், சிலர் இயற்பியல் என்போம். எந்தப் பிரிவும் தாழ்ந்ததல்ல என்பதை நாங்கள் கண்டுகொண்டோம். எந்த வகுப்பறையில் அமர்ந்தாலும், ஒட்டாத எண்ணை அழிக்காமல் வைத்திருப்போம் என்று எங்களுக்குள் உறுதி செய்துகொண்டோம். இதைப் படிக்கும் தங்கைகளும் தங்கள் குறிப்பேட்டை ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டுகிறோம்.