நட்டுவாக்காலி கொட்டிய கதை

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆசிரியர் பயிற்சிக்கு நம் வரிச்சிக்குடியிலேயே ஐந்தாம் வகுப்பு கிடைத்ததில் அம்மாவைவிட எனக்குத்தான் சந்தோஷம். “பாதிப் பிள்ளைகள் இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறார்கள் மாமா” என்று எழுதியிருக்கிறாய். உன் வகுப்பில் மட்டும் இப்படி என்று நினைக்காதே. 2022-இல் நாட்டின் கிராமங்களில் எடுத்த அசர் (ASER) கல்விக் கணக்கெடுப்பில், இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 42.8 விழுக்காடுதான். கொரோனாவுக்கு முன், 2018-இல், 50.5. வாய்விட்டு வாசிக்கிறார்களா என்பதை வைத்து எடுத்த கணக்கு இது.

கூட்டிப் படிக்கிற பிள்ளையைவிட, கடகடவென்று படிக்கிற பிள்ளையைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பையன் ஒரு பக்கத்தை மூச்சுவிடாமல் வாசித்து முடித்தான். சபாஷ் சொல்லிவிட்டு, “யாருடா ஆற்றைக் கடந்தது?” என்று கேட்டேன். திருதிருவென்று விழித்தான். ‘சென்றுகொண்டிருந்தனர்’ என்ற சொல்லைத் தடுக்காமல் சொன்னவனுக்கு, அது தன் வீட்டில் புழங்கும் ‘போய்க்கிட்டிருந்தாங்க’தான் என்று தெரியவில்லை. நம் பிள்ளைக்குப் புத்தகத் தமிழ் பாதி வேற்று மொழி. இதை ஒப்புக்கொள்ள எனக்கே நாலைந்து வருஷம் ஆயிற்று.

ஒப்புக்கொண்ட பிறகு செய்ததைச் சொல்கிறேன். ஒரு நாள் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, நேற்று வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டேன். ஒருவன் எழுந்து சொன்னான்: “தாத்தா கீத்துக்கட்டத் தூக்குனாங்க, நட்டுவாக்காலி கொட்டிருச்சு. வெரலு வீங்கிப்போச்சு.” சொன்னபடியே, ஒரு எழுத்தும் மாற்றாமல், கரும்பலகையில் எழுதினேன். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. ஆனால் எழுத்துக் கூட்டுகிற பிள்ளைகூட அதைத் தடுமாறாமல் வாசித்தது. அடுத்து என்ன சொல் வரும் என்பது அதற்குத் தெரியுமே!

பிறகு அதன் கீழேயே, “தாத்தா கீற்றுக்கட்டைத் தூக்கினார். நட்டுவாக்காலி கொட்டிவிட்டது. விரல் வீங்கிவிட்டது” என்று எழுதி, என்ன மாறியிருக்கிறது என்று கேட்டேன். கீத்து கீற்று ஆனதை முதலில் ஒரு பெண் பிடித்தாள். அப்படியானால் காத்து? சேத்துல? ஆத்துல? காற்று, சேற்றில், ஆற்றில் என்று அவர்களே வரிசையாகச் சொன்னார்கள். வெரலு விரல் என்றால் வெல விலை, வெத விதை, எல இலை. இலக்கணம் என்ற பேச்சையே நான் எடுக்கவில்லை.

மறுநாள் ஒருத்தி ‘பத்து ரூபாய்’ என்பதைப் ‘பற்று ரூபாய்’ என்று எழுதி வந்தாள். இன்னொருத்தன் வெள்ளையை ‘விள்ளை’ ஆக்கியிருந்தான். சிவப்புப் பேனாவை எடுத்துவிடாதே பாப்பா. முதல் நாள் கண்டுபிடித்த விதியை அவர்கள் தாமாகப் போட்டுப் பார்க்கிறார்கள். ‘மாறாத சொற்கள்’ என்று சுவரில் ஒரு தாள் ஒட்டிப் பத்து, முத்து, சொத்து என்று எழுதிக்கொண்டே வந்தோம். ஒரு மாதத்தில் அந்தக் குழப்பம் போயிற்று. (ல, ள, ழ மட்டும் எத்தனை தாள் ஒட்டினாலும் போகவில்லை. அது நமக்கே தகராறுதானே!)

“கொச்சையைப் பலகையில் எழுதலாமா?” என்று உன்னிடமும் யாராவது கேட்பார்கள். அவர்களோடு வாதாடாதே. இரண்டாவது வரிக்கு ஏறத்தான் முதல் வரியைப் படியாகப் போடுகிறாய். முதல் வரியோடு நிறுத்திவிட்டால் அவர்கள் கேட்பது நியாயம்.

இது என் கண்டுபிடிப்பும் இல்லை. பிரான்சில் செலஸ்தேன் ஃப்ரெனே என்று ஒரு வாத்தியார் இருந்தார். முதல் உலகப் போரில் நுரையீரலில் அடிபட்டவர். தொண்டை கிழியக் கத்திப் பாடம் நடத்த முடியாது. 1920-இல் பார்-சுர்-லூ என்ற கிராமத்துப் பள்ளியில் சேர்ந்தார். சில ஆண்டுகளில் வகுப்புக்குள் ஒரு சின்ன அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார். பிள்ளைகள் தங்கள் ஊர்க் கதையைச் சொன்னார்கள், எழுதினார்கள், தாங்களே எழுத்துக் கோத்து அச்சடித்தார்கள். அதுதான் அவர்களுக்கு வாசிப்புப் புத்தகம். அன்று நம் காரைக்காலும் பிரெஞ்சுக் கொடியின் கீழ்தான் இருந்தது!

இன்னொரு ஆளைத் தேடி அவ்வளவு தூரம் போக வேண்டாம், நண்டலாற்றைத் தாண்டினால் போதும். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய பாதிரியார் சீகன்பால்குக்கு அப்போது 24 வயதுகூட நிரம்பவில்லை. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் கற்றார். 1715-இல் அங்கே அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. வாயால் சொல்லிக்கொண்டே கையால் எழுதுவது அன்றைய திண்ணைப் பள்ளி வழக்கம். வாசிப்புக்கு ஒரு பீரியட், எழுத்துக்கு ஒரு பீரியட் என்று பிரித்ததெல்லாம் பிறகு வந்த வினை.

கட்டுரைக்கு ‘பசு ஒரு வீட்டு விலங்கு’ வேண்டவே வேண்டாம். மாங்கனித் திருவிழாவில் இறைத்த மாம்பழத்தை யார் பிடித்தது, யார் கையிலிருந்து நழுவியது என்று எழுதச் சொல். ஐந்து வரி போதும். திருத்தும்போது ஒரு தாளில் ஒரே வகைப் பிழையை மட்டும் தொடு, மற்றது அடுத்த வாரத்துக்கு. தாள் முழுக்கச் சிவப்பானால் அந்தப் பிள்ளை அடுத்த முறை இரண்டு வரிதான் எழுதும். தெரிந்த சொல்லை மட்டும் போட்டுத் தப்பித்துக்கொள்ளும்.

தினம் பத்து நிமிஷம் நீயே ஒரு கதையை வாசித்துக் காட்டு. கேள்வி கேட்காதே, பரீட்சை வைக்காதே. நீட்டுச் சொல் வந்தால் மட்டும் பலகையில் எழுதி, கோடு போட்டுப் பிரித்துக் காட்டு. பேசுகிற தமிழுக்கும் புத்தகத் தமிழுக்கும் உள்ள தூரம் காது வழியாகத்தான் சீக்கிரம் குறைகிறது.

சனிக்கிழமை வீட்டுக்கு வரும்போது உன் பிள்ளைகள் எழுதிய தாள் ஐந்து கொண்டு வா. திருத்தாமல் கொண்டு வா.

உன் மாமா