மரங்கொத்திக் குஞ்சுகள்

வட அமெரிக்காவில் வீட்டுக் கொல்லையில் கம்பம் நட்டுப் பறவைகட்கு உணவு வைப்போர் பலர் உளர். சூரியகாந்தி விதையை ஒரு குழாயிலும், மாட்டின் கெட்டிக் கொழுப்பை ஒரு கம்பிக் கூட்டிலும் இட்டுத் தொங்கவிடுவர். கொழுப்பை நாடி வரும் பறவைகளுள் ஒன்று டௌனி மரங்கொத்தி. அந்நாட்டு மரங்கொத்திகளுள் மிகச் சிறியது இதுவே. நம் வீட்டுச் சிட்டுக்குருவியின் அளவுதான் இருக்கும். எடை 30 கிராமுக்கும் குறைவு.

கோடைத் தொடக்கத்தில் சாளரத்தருகே பொறுமையுடன் அமர்ந்திருப்போர்க்கு இனிய காட்சி ஒன்று கிட்டும். தாயும் தந்தையும் தம் குஞ்சுகளை அங்கு அழைத்து வரும். ஆண் பறவைக்குப் பிடரியில் சிவப்புப் புள்ளி உண்டு. பெண்ணுக்கு அஃது இல்லை. குஞ்சுக்கோ உச்சந்தலையில் சிவப்பு காணப்படும். இதனை அறியாதார், புதிய இனம் ஒன்று வந்ததென மயங்குவர்.

பட்ட மரத்தில் குடைந்த பொந்தில் முட்டைகள் ஏறத்தாழ 12 நாள் அடைகாக்கப்படும். இரவில் அடைகாப்பது தந்தைப் பறவை. குஞ்சுகள் மூன்று வார அளவில் பொந்தை விட்டு வெளிவரும். அப்போது அவை உருவில் பெற்றோரை ஒத்திருக்கும், அறிவில் ஒத்திரா. குஞ்சு கம்பத்தைப் பற்றிக்கொண்டு, உணவு கைக்கெட்டும் தொலைவில் இருக்கவும், வாய் திறந்து கத்தும். தாய் கொழுப்பைக் கொத்தி அதன் வாயில் ஊட்டும்.

இக்குஞ்சைச் சோம்பேறி என்று இகழ்தல் தகாது. அது கற்க வேண்டுவன பல. முன்னிரண்டு, பின்னிரண்டாக அமைந்த விரல்களால் மரத்தைப் பற்றவும், விறைத்த வாலை ஊன்றி நிற்கவும், பட்டைக்குள் மறைந்திருக்கும் புழுவைத் தேடிக் கொத்தவும் அது பழக வேண்டும். அதனாலேயே கம்பம், கம்பி, காய்ந்த கிளை என எதிர்ப்பட்டதையெல்லாம் கொத்திப் பார்க்கும். ஒருநாள் அலகு தற்செயலாகக் கொழுப்பில் படும். சுவை கண்டு மீண்டும் கொத்தும். பெற்றோர் ஊட்டுவது மேலும் சில வாரங்கள் மட்டுமே. அதன்பின் அது தன் உணவைத் தானே தேடியாக வேண்டும்.

இத்துணை கொத்தியும் தலை நோவதில்லையா? மண்டையோடு மெத்தைபோல் அதிர்ச்சியைத் தாங்குகிறது என்று நெடுங்காலம் கூறி வந்தனர். பெல்ஜிய நாட்டு ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழக அறிஞரின் தலைமையில் நடந்து, 2022இல் வெளிவந்த ஆய்வு இதனை மறுத்தது. மரங்கொத்தியின் தலை சுத்தியல் போலவே இயங்குகிறதாம். மூளை மிகச் சிறியதாதலின் ஊறுபடுவதில்லையாம்.

உணவு வைப்போர் விழிப்புடன் இருத்தல் வேண்டும். கடும் வெயிலில் கொழுப்பு உருகிக் கெடும், இறகிலும் ஒட்டிக்கொள்ளும். ஆதலின் வெப்பம் மிகுந்த நாட்களில் அதனை எடுத்துவிடுவர். சாளரக் கண்ணாடியில் தோன்றும் மர நிழலை உண்மை மரமென எண்ணிப் பறவைகள் மோதி இறப்பதும் உண்டு. அதனைத் தடுக்கக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் நெருக்கமாகப் புள்ளிகள் இடுவர்.

இலையுதிர் காலம் நெருங்குகையில் குஞ்சின் உச்சிச் சிவப்பு உதிர்ந்துவிடும். ஆணாயின் பிடரியில் புதிய சிவப்பு முளைக்கும். அதன்பின் கம்பத்திற்கு வரும் பறவைகளுள் ஊட்டியது எது, ஊட்டப்பெற்றது எது எனக் கண்டறிதல் எளிதன்று.