வயரின் கணக்கு

தீபாவளிக்கு முதல் நாள் மாலை. மலாக்கா மாநிலத்தின் ஜாசின் பட்டணத்தில் ஒரு வீடு. ஒரே எக்ஸ்டென்ஷன் வயரில் கெட்டிலும் ரைஸ் குக்கரும் இயங்குகின்றன. அதே வயரில் இஸ்திரிப் பெட்டியைச் செருகி அக்காள் புதுச் சட்டையைத் தேய்க்கிறாள். அவ்வழியே வந்த பாட்டி சட்டென்று காலை இழுத்துக்கொள்கிறார்.

“தம்பி, கால்ல பட்ட வயரு சுடுதுய்யா. என்னன்னு பாரு.”

“எல்லாம் நல்லாத்தானே ஓடுது பாட்டி. ஒன்னும் ஆகாது.”

ஆகுமா, ஆகாதா என்று ஊகிக்க வேண்டியதில்லை. கணக்குப் போட்டே அறியலாம்.

மின்சாரத்தைக் கம்பியின் வழியே தள்ளும் விசை போன்றது மின்னழுத்தம். அதை வோல்ட் என்ற அலகால் அளக்கிறோம். கம்பியில் ஓடும் மின்சாரத்தின் அளவு மின்னோட்டம். அதன் அலகு ஆம்பியர். அந்த ஓட்டத்தைத் தடுக்கும் இயல்பு மின்தடை. அதன் அலகு ஓம். ஜெர்மனியில் பள்ளி ஆசிரியராக இருந்த கியோர்க் ஓம் 1827-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இம்மூன்றுக்கும் உள்ள தொடர்பை விளக்கினார். அவர் பெயரே மின்தடையின் அலகாயிற்று.

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். இரண்டையும் பெருக்கினால் மின்திறன் கிடைக்கும். மின்திறனின் அலகு வாட்.

நம் நாட்டு வீடுகளுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ட். அந்த வீட்டின் கெட்டில் 10 ஆம்பியர் இழுக்கிறது என்று கொள்வோம்.

மின்தடை: 230 ÷ 10 = 23 ஓம்
மின்திறன்: 230 × 10 = 2,300 வாட்

இஸ்திரிப் பெட்டி 5 ஆம்பியர் இழுத்தால் அதன் மின்தடை 46 ஓம். மின்திறன் 1,150 வாட். மின்தடை இரு மடங்கானதால் மின்னோட்டமும் மின்திறனும் பாதியாகிவிட்டதைக் கவனியுங்கள். ரைஸ் குக்கர் 3 ஆம்பியர் இழுத்தால் அதன் மின்திறன் 690 வாட்.

மூன்றும் ஒரே வயரில் இயங்கும்போது 10 + 5 + 3 = 18 ஆம்பியர் ஓடுகிறது. எக்ஸ்டென்ஷன் வயரின் மூன்று முனைப் பிளக்கில் இருக்கும் ஃபியூஸின் அளவோ 13 ஆம்பியர்தான்.

வயர் ஏன் சுட்டது? வயருக்கும் சிறிதளவு மின்தடை உண்டு. அது 0.2 ஓம் என்று கொள்வோம். வயரில் வெப்பமாக மாறும் மின்திறனை அறிய, மின்னோட்டத்தை அதே எண்ணால் பெருக்கி, பிறகு மின்தடையால் பெருக்க வேண்டும்.

ரைஸ் குக்கர் மட்டும்: 3 × 3 × 0.2 = 1.8 வாட்
மூன்றும் சேர்ந்து: 18 × 18 × 0.2 = 64.8 வாட்

மின்னோட்டம் 6 மடங்கானது. வெப்பமோ 36 மடங்கானது! கண்ணுக்குத் தெரியாத ஆபத்து இங்கேதான் இருக்கிறது. வயர் சுருட்டிக் கிடந்தாலும் பாய்க்கு அடியில் கிடந்தாலும் அந்த வெப்பம் வெளியேற வழியில்லை. மேலுறை இளகித் தீப்பிடிக்கக்கூடும். “ஃபியூஸ் காப்பாற்றும்” என்று அலட்சியமாக இருப்பதும் தவறு. அளவைச் சற்றே தாண்டும்போது ஃபியூஸ் உடனே உருகிவிடுவதில்லை. வெகுநேரம் தாங்கும். அதற்குள் வயர் சூடேறிவிடும்.

தம்பி கணக்கைப் பாட்டியிடம் காட்டினான். பாட்டி சிரித்தார்.

“எஸ்டேட்டுல ஜெனரேட்டர் ஓடுன காலத்துலயே இது எங்களுக்குத் தெரியும்யா. யாராவது இஸ்திரி போட்டா லயத்துக்கே விளக்கு மங்கிப்போகும்.”

பாட்டி சொன்னதும் இதே கணக்குதான். மலாக்காவில் 1896-ஆம் ஆண்டு புக்கிட் லிந்தாங்கில் தான் சே யான் என்பவர் ரப்பர் பயிரிட்டார். பின்னர் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. தமிழ்த் தொழிலாளர்கள் லயத்து வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கொளியில் வாழ்ந்தனர். பிறகு பல தோட்டங்களில் ஜெனரேட்டர் வந்தது. அதுவும் சில மணி நேரமே ஓடியது. ஒரு ஜெனரேட்டர் 2,300 வாட் தரும் என்று கொள்வோம். ஐம்பது வீடுகளில் வீட்டுக்கு ஒரு 40 வாட் குண்டு பல்பு எரிந்தால் 2,000 வாட் செலவாகும். மீதி 300 வாட். அதில் 1,150 வாட் இஸ்திரிப் பெட்டி எப்படி ஓடும்? ஒரு வீட்டின் செயல் ஐம்பது வீடுகளையும் தொட்டது. அதனால் அளவறிந்து பயன்படுத்தும் பழக்கம் தானே வந்தது.

இன்று எந்த நேரமும் மின்சாரம் கிடைக்கிறது. எச்சரிக்கை செய்ய விளக்கு மங்குவதில்லை. ஆகவே, கணக்குதான் நமக்கு எச்சரிக்கை. மின்சாதனத்தின் அடியில் உள்ள வாட் எண்ணை 230-ஆல் வகுத்தால் அது இழுக்கும் ஆம்பியர் தெரியும். ஒரே வயரில் செருகியவற்றின் ஆம்பியரைக் கூட்டுங்கள். வயரில் குறிப்பிட்டுள்ள அளவைத் தாண்டினால் ஒன்றைக் கழற்றுங்கள். சிரிம் முத்திரை உள்ள வயரையே வாங்குங்கள். கெட்டில், இஸ்திரிப் பெட்டி போன்றவற்றைச் சுவரில் உள்ள பிளக் பாயிண்ட்டிலேயே நேரடியாகச் செருகுங்கள்.

தம்பி சுவிட்சை அடைத்துவிட்டு, கெட்டிலையும் இஸ்திரிப் பெட்டியையும் வயரிலிருந்து கழற்றினான். சிறிது நேரத்தில் வயரின் சூடு தணிந்தது. பாட்டி நிம்மதியாக முறுக்குப் பிழிய உட்கார்ந்தார்.