சிறகுக்கு என்ன விலை?

அன்புள்ள தம்பிக்கு,

உன் நாவலின் முதல் பகுதியைப் படித்து முடித்தேன். வாக்கியம் உனக்கு வசப்பட்டிருக்கிறது. போர்க்காட்சிகள் வேகமாக ஓடுகின்றன. குறை ஒன்றுதான், ஆனால் அது பெரிய குறை. உன் பறவை மக்களிடம் பறவைத்தனமே இல்லை. அவர்களுக்கு அரசன் இருக்கிறான், அரண்மனை இருக்கிறது, இளவரசிக்குச் சுயம்வரம்கூட நடக்கிறது. இறகுகளைப் பிடுங்கிவிட்டால் வாரப் பத்திரிகையில் வந்த சரித்திரத் தொடர்கதை ஒன்றுதான் மிஞ்சும். அரண்மனைக்குள் படிக்கட்டு வேறு! பறக்கத் தெரிந்தவன் எதற்காகப் படிக்கட்டு கட்டுகிறான்?

ஓர் இனத்தைக் கற்பனை செய்யும்போது அதற்கு என்னென்ன வரம் தரலாம் என்றுதான் முதலில் தோன்றும். அந்த வரத்துக்கு அவர்கள் என்ன விலை கொடுத்தார்கள் என்று கேட்டுப் பார். சடங்கு, சட்டம், தாங்கள் எங்கிருந்து வந்தோம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை எல்லாமே அந்த விலையிலிருந்துதான் முளைக்கும்.

முதல் விலை எடை. இன்று பறக்கும் பறவைகளில் மிகக் கனமானவை, நம் கானமயிலுக்கு உறவான ஆப்பிரிக்கக் கோரி பஸ்டர்டு போன்றவை, 20 கிலோவை ஒட்டி நின்றுவிடுகின்றன. அர்ஜென்டினாவில் சுமார் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அர்ஜென்டாவிஸ் என்ற பறவை 70 கிலோ இருந்திருக்கலாம், சிறகை விரித்தால் 6, 7 மீட்டர் வந்திருக்கலாம் என்கிறார்கள். அதுவும் நின்ற இடத்திலிருந்து சிறகடித்து எழுந்திருக்காது. சரிவில் இறங்கி ஓடியோ எதிர்க்காற்றைப் பிடித்தோதான் கிளம்பியிருக்கும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. உன் ஆட்களுக்கு மனித எடை என்றால் சமவெளியில் ஊர் அமைக்க முடியாது. செங்குத்துப் பாறை வேண்டும். வெயிலில் சூடேறி மேலெழும் காற்று வேண்டும். ஆகவே விடிகாலையில் அவர்கள் தரையில்தான் இருப்பார்கள், பாறை சூடாகும் வரை. அந்த நேரத்தில் என்ன செய்வார்கள்? வழிபாடா, வம்புப் பேச்சா, பஞ்சாயத்தா? எதிரி எந்த நேரத்தில் படையெடுத்து வருவான் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது விலை கை. பறவையின் சிறகு பரிணாமத்தில் உருமாறிய முன்னங்கால்தான். நீயோ சிறகும் கொடுத்துக் கையும் கொடுத்திருக்கிறாய். முதுகெலும்புள்ள எந்த விலங்குக்கும் அப்படி ஆறு உறுப்புகள் கிடையாது. மாய உலகம்தானே அக்கா என்பாய். இருக்கட்டும், ஆனால் கையை இழந்தவர்களாக எழுதிப் பார். காலாலும் அலகாலும் பானை வனைகிறவன் வேலை முடியும் வரை தரையில் கிடக்க வேண்டும். பறந்து திரிகிறவனுக்கு வேலை தெரியாது. ஒரு சமூகம் இரண்டாகப் பிளக்க இது போதாதா?

மூன்றாவது விலை இறகு உதிர்வது. வாத்துகள் பலவும் ஆண்டுக்கு ஒரு முறை பறக்கும் இறகுகளை ஒரே சமயத்தில் உதிர்த்துவிட்டு, சில வாரங்கள் பறக்க வழியில்லாமல் நாணலுக்குள் ஒளிந்திருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் இருவாச்சிப் பெண் பறவை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு, ஒரு சின்னப் பிளவு வழியே ஆண் ஊட்டும் பழத்தை நம்பி அடைகாக்கிறது. இருவாச்சி இனங்கள் பலவற்றில் அந்த அடைப்புக் காலத்திலேயே பெண்ணின் பறக்கும் இறகுகளும் உதிர்ந்து புதிதாக முளைக்கும். இதை உன் மக்களுக்குக் கொடு. அடைபட்டிருப்பவளின் கணவன் திரும்பாவிட்டால் ஊட்டும் கடமை யாருக்கு? கொழுந்தனுக்கா, ஊருக்கா? ஊர் மறந்துபோனால் அது என்ன குற்றம்? இதற்குப் பதில் எழுதினால் உன் திருமணச் சட்டம் முழுக்க எழுதியாகிவிடும், சுயம்வரம் தேவைப்படாது.

பாட்டும் இப்படித்தான். பாடும் பறவைகளின் குஞ்சுகள் மூத்தவற்றைக் கேட்டே பாடப் பழகுகின்றன. சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்து வெள்ளைக் கொண்டைச் சிட்டுகளுக்கு இடத்துக்கு இடம் தனி வட்டார வழக்கே உண்டு. ஆஸ்திரேலியாவின் ரீஜன்ட் தேனுண்ணி சில நூறாகக் குறைந்தபின், கற்றுக்கொடுக்க மூத்த ஆண்கள் அருகில் இல்லாத இளம் ஆண்கள் வேறு இனப் பறவைகளின் பாட்டைப் பாடுவதாக 2021இல் ஓர் ஆய்வு காட்டியது. அப்படிப் பாடியவற்றுக்கு இணை அமைவதும் குறைந்தது. ஒரு போரில் உன் மக்களின் கிழவர்கள் மட்டும் செத்துப்போனால் என்ன ஆகும் என்று யோசி.

இனி தோற்றக் கதை. 'சூரியனின் கண்ணீரில் பிறந்தவர்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். வரி அழகுதான், ஆனால் அதில் யாருக்கும் எதுவும் வலிக்கவில்லை. மகாபாரதத்தின் ஆதிபருவத்தைப் பார். ஒரே கணவனின் மனைவியரான கத்ருவும் வினதையும் முட்டையிடுகிறார்கள். கத்ருவின் 1,000 முட்டைகளும் பொரிந்து பாம்புகள் வந்துவிட்டன. வினதையின் இரண்டு முட்டைகள் மட்டும் அசையவில்லை. பொறுக்க மாட்டாமல் ஒன்றை உடைக்கிறாள். உள்ளே பாதி உடல் மட்டும் வளர்ந்த அருணன். கத்ருவுக்கு அடிமையாவாய் என்று அவன் தாயைச் சபிக்கிறான், அடுத்த முட்டையையாவது விட்டுவை என்கிறான், சூரியனுக்குத் தேரோட்டப் போய்விடுகிறான். 500 ஆண்டு கழித்துப் பிறக்கும் கருடன், அடிமையாகிவிட்ட தாயை மீட்க அமுதம் கொண்டுவர வேண்டியிருக்கிறது. முட்டையிடும் இனம் என்ற ஒரே செய்தியிலிருந்து தாயின் அவசரம், மகனின் ஊனம், அடிமைத்தனம், பாம்போடு பகை அத்தனையும் வந்துவிட்டன.

அருணனின் மக்கள்தான் சம்பாதியும் ஜடாயுவும். வெயிலில் துவண்ட தம்பியைத் தன் சிறகால் மூடிக் காத்து, அந்தச் சிறகையே பறிகொடுத்தவன் சம்பாதி. வால்மீகியின் கிட்கிந்தா காண்டத்தில் அவன் வானரர்களுக்கு வானத்தின் பாதைகளை விளக்குகிறான். தானியம் பொறுக்கும் பறவைகளுக்கு அடிப்பாதை, காக்கைகளுக்கு அதற்கு மேல், பிறகு பருந்து, கழுகு, அன்னம் என்று ஏறி, உச்சியில் வினதையின் வழிவந்தவர்கள். கோழிக்கு இரை காலடியில். எங்களுக்கோ தொலைவில், அதனால்தான் தொலைவைப் பார்க்கும் கண் என்கிறான். இலங்கையில் இருக்கும் சீதையை அவன் கண்டுசொல்வது அந்தக் கண்ணால்தான். உண்ணும் உணவு உயரத்தையும், உயரம் அந்தஸ்தையும் தீர்மானிக்கிற ஒரு சமூகம் சில அடிகளில் கிடைத்துவிடுகிறது. அங்கே உச்சிக்கு ஏறிவிட்ட குருவிக்கு என்ன தண்டனை என்று நீ எழுத வேண்டும்.

சைனா மியேவில் 2000இல் வெளியிட்ட 'பெர்டிடோ ஸ்ட்ரீட் ஸ்டேஷன்' நாவலின் பாலைவனக் கருடர்கள் பெயரை நம் கதையிலிருந்து எடுத்துக்கொண்டவர்கள்; சட்டம் மட்டும் அவர்களுடையது. குற்றம் என்றால் அவர்களுக்கு ஒன்றே ஒன்று: இன்னொருவர் தேர்ந்துகொள்ளும் உரிமையைத் திருடுவது. தண்டனையாகச் சிறகு அறுக்கப்பட்ட ஒருவன் மீண்டும் பறக்க வழி தேடி நகரத்துக்கு வருகிறான். 2003இல் வந்த உர்சுலா லெ குவினின் 'சேஞ்சிங் பிளேன்ஸ்' தொகுப்பில் ஒரு கதை. உடலெல்லாம் இறகுள்ள மக்களில் ஆயிரத்தில் ஒருவருக்கே சிறகு முளைக்கிறது. அது பறக்கையில் எந்த நொடியும் செயலிழக்கலாம். அதனால் சிறகைக் கட்டிவைத்துவிட்டுத் தரையிலேயே காலம் தள்ளுகிறவர்களும் உண்டு. இரண்டையும் படி. கதையை எடுத்துக்கொள்ளாதே, கணக்குப் போட்ட விதத்தைப் பார்.

இன்னொன்று, தோற்றக் கதை ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டாம். இந்தியப் பெருங்கடலின் அல்டாப்ரா தீவில் குடியேறிய கானாங்கோழி இனம் ஒன்று, எதிரி இல்லாத இடத்தில் பறப்பதையே விட்டுவிட்டது. தீவு கடலில் மூழ்கி அந்த இனம் அழிந்தது. தீவு மீண்டும் தலைகாட்டியபோது அதே மூதாதை இனம் பறந்துவந்து, மறுபடியும் பறப்பை இழந்தது. உன் மக்களுக்கும் அப்படி ஒரு பங்காளிக் கூட்டத்தை வை. பாறைமேல் இருப்பவர்கள் அவர்களைச் சாபத்தால் விழுந்தவர்கள் என்பார்கள். தீவில் இருப்பவர்களோ, அச்சம் தீர்ந்ததால் இறங்கியவர்கள் நாங்கள் என்பார்கள். எது உண்மை என்று நீ தீர்ப்புச் சொல்லாதே. அந்தச் சண்டையில் ஒரு நாவலே இருக்கிறது.

அடுத்த பகுதியைத் தொடும் முன் ஒரு வேலை செய். போரே இல்லாத ஒரு சாதாரண நாளை, விடியல் முதல் இருட்டும் வரை, ஒரு பெண்ணின் கண் வழியே எழுது. என்ன தின்கிறாள், அடைகாக்கும் முறை யாருடையது, இறகு உதிர்ந்த மாமியார் எங்கே உட்காருகிறார், பொய் சொன்ன பிள்ளையை எப்படித் தண்டிக்கிறார்கள் எல்லாம் அதில் வரட்டும். அந்த நாள் சலிக்காமல் ஓடிவிட்டால் போரை எழுது. அவர்கள் எதைக் காப்பாற்றச் சண்டையிடுகிறார்கள் என்பது அப்போது உனக்கே தெரிந்திருக்கும். எழுதியதும் அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா