ஜோடியாக ஒரு சைக்கிள் பயணம்!

ஐரோப்பாவில் பல தம்பதிகள், படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்த வேனின் பின்னால் சைக்கிள்களை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பிவிடுகிறார்கள். நமக்கு வேன்கூட வேண்டாம். தூத்துக்குடியிலிருந்து பழையகாயல், முக்காணி, ஆறுமுகநேரி, காயல்பட்டினம் வழியாகத் திருச்செந்தூர் சுமார் 40 கி.மீ.தான். ஜனவரி, பிப்ரவரியில் விடிந்ததும் கிளம்பினால், நல்ல வெயிலுக்கு முன் போய்ச் சேரலாம்.

ஒரு எச்சரிக்கை. உப்பளங்களைத் தாண்டும்போது காற்று ஜிலுஜிலுன்னு அடிக்கும். வியர்வை உடனுக்குடன் காய்ந்துவிடும். 'வேர்க்கவே இல்லையே'ன்னு தண்ணீரை மறந்துடாதீங்க!

* பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். சீட் ரொம்பத் தாழ்ந்திருந்தால் மூட்டு வலிக்கும்.

* 20 நிமிடத்துக்கு ஒருமுறை சில மடக்குத் தண்ணீர். நடுவில் உப்புப் போட்ட மோர்.

* மெதுவாக மிதிப்பவர் முன்னால் போகட்டும். பின்னால் வருபவருக்குத் துணையின் தள்ளாட்டம் உடனே தெரியும்.

* தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டலா? நிழலில் உட்காருங்கள். பேச்சு குழறினாலோ, மயங்கினாலோ 108-க்கு போன் செய்துவிட்டு, உடம்பை நனைத்து விசிறுங்கள். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

பி.பி., சர்க்கரை, இதயக் கோளாறு உள்ளவர்கள் முதலில் டாக்டரைக் கேளுங்கள். மற்றவர்களும் ஒரு மாதம் உள்ளூரில் ஓட்டிப் பழகிவிட்டுக் கிளம்புங்கள்.